செல்பேசி நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள்: ஒரு விற்பனை ஊழியரின் நிகழ்வு ஆய்வு

மதுரையில் செல்பேசிக் கடை ஒன்றில், கைபேசித் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் சார்பில் 2017 ஜூன் முதல் 2020 ஜூன் வரை பணியாற்றிய ஒரு பெண்ணின் அனுபவத்தை, அவருடைய ஒப்புதலுடன் இங்கே பதிவு செய்கிறேன். அவர் பெயரும், நிறுவனத்தின் பெயரும், கடையின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. செல்பேசி விற்பனைத் துறையில் பல ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்துவிட்டு, பின்னர் ஒரு கலைக் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்கு வந்தவன் நான். அவரை இந்த வேலைக்கு அனுப்பியவனும் நானே. ஆகவே இதில் வரும் சில தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு.

பின்னணி

அவர் மேலூரை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவர், வணிகவியல் பட்டதாரி, வேலையில் சேர்ந்தபோது வயது 22. தந்தை கொத்தனார், தம்பி பாலிடெக்னிக்கில் சேரக் காத்திருந்தார். வீட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

அந்தக் காலம் கைபேசி விற்பனைக்கு ஏறுமுகமான காலம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியதும், பட்டன் செல்பேசியும் 4ஜி வசதியில்லாத செல்பேசியும் வைத்திருந்தவர்கள் புதிய கைபேசி தேடிக் கடைகளுக்கு வந்தார்கள். பல நிறுவனங்களின் கைபேசிகளை ஒரே கடையில் அடுக்கி விற்கும்போது, வாடிக்கையாளரின் கை எந்தப் பெட்டியை நோக்கி நீளும் என்பதைத் தீர்மானிப்பவர் அருகில் நின்று விளக்கிச் சொல்பவரே. அதனால் ஒவ்வொரு நிறுவனமும் தன் சார்பில் ஓர் ஆளைக் கடைக்குள் நிறுத்தியது. துறையில் இவர்களை ‘ப்ரமோட்டர்’ என்பார்கள். நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து கடைக்காரரின் கூரையின்கீழ் நிற்கும் இவர்களுக்குச் சம்பளச் சீட்டு தருவது பெரும்பாலும் மூன்றாவதாக, ஆள் வழங்கும் ஓர் ஏஜென்சி. இவருடைய பணி நியமன ஆணையும் ஏஜென்சியின் கடிதத்தாளில்தான் இருந்தது. கையொப்பமிடும் நாளில் அந்தக் கடிதத்தாளை அவரும் கவனிக்கவில்லை. எடுத்துச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

சம்பளத்தின் அமைப்பு

இந்த நிகழ்வில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருப்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சேர்ந்தபோது மொத்தச் சம்பளம் 13,000 ரூபாய். அதில் அடிப்படை ஊதியமான 9,000 ரூபாய்க்கு 12 விழுக்காடாக பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,080 ரூபாயும், அப்போதைய 1.75 விழுக்காட்டு விகிதத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 228 ரூபாயும் பிடித்தம் போக, கைக்கு வந்தது 11,692 ரூபாய். இதற்கு மேல் வருவது இன்சென்டிவ், அதாவது விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகை.

இன்சென்டிவ் கணக்கு படிக்கட்டு போன்றது. அவருடைய மாத இலக்கு 45 கைபேசி. ஒரு கைபேசிக்குச் சராசரியாக 150 ரூபாய். ஆனால் இலக்கில் 80 விழுக்காட்டை, அதாவது 36 கைபேசியை எட்டும்வரை ஒரு ரூபாயும் கிடையாது. 36 முதல் 44 வரை பாதி விகிதம். 45-ஐத் தொட்டால் முழு விகிதம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 35 விற்றவருக்கு எதுவுமில்லை, 36 விற்றவருக்கு 2,700 ரூபாய். 44 விற்றவருக்கு 3,300 ரூபாய், 45 விற்றவருக்கு 6,750 ரூபாய். நாற்பத்தைந்தாவது கைபேசி ஒன்று மட்டும் 3,450 ரூபாய் மதிப்புடையது. மாதக் கடைசியில் அந்த ஒரு கைபேசிக்காக ஒருவர் எதையெல்லாம் செய்யத் துணிவார் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். அவருக்கு மேலிருந்த சூப்பர்வைசருக்கும், அவருக்கும் மேலிருந்த ஏரியா மேலாளருக்கும் இதே போன்ற படிக்கட்டுகள்தான். ஒருவருடைய படி அடுத்தவருடைய தோளில் நின்றது.

முதல் ஆண்டில் கண்டவை

நன்மைகள் உண்மையானவை, அவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. சம்பளம் ஏழாம் தேதிக்குள் வங்கிக் கணக்கில் விழுந்தது. இரண்டு நாள் பயிற்சியில் கேமரா, பிராசஸர், பேட்டரி பற்றிக் கற்றுக்கொண்டவர், ஆறு மாதத்தில் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் வாடிக்கையாளருக்கும் தயங்காமல் பதில் சொன்னார். கல்லூரியில் வகுப்பின் முன் நின்று பேசவே அஞ்சியவர் அவர் என்பதை அறிந்த எனக்கு, இது சிறிய மாற்றமாகத் தெரியவில்லை. ஊரில் யார் கைபேசி வாங்குவதானாலும் முதலில் அவர் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். 2017 தீபாவளி மாதத்தில் இன்சென்டிவ் மட்டும் 9,400 ரூபாய் வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2018 பிப்ரவரியில் அவருடைய தாயாருக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. தனியார் மருத்துவமனையில் அறுபதாயிரம் ரூபாய் ஆகும் என்றார்கள். மகளைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்ற முறையில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அதே சிகிச்சை கட்டணமின்றி முடிந்தது. மாதம் 228 ரூபாய் ‘வீணாகப் பிடிக்கிறார்கள்’ என்று அதுவரை குறைப்பட்டுக்கொண்டிருந்த தந்தை, அதன்பின் சம்பளச் சீட்டில் அந்த வரியைத்தான் முதலில் பார்ப்பாராம்.

தீமைகள் மெல்லச் சேர்ந்தவை. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் பெரியார் பேருந்து நிலையம், பிறகு டவுன் ஹால் ரோடு வரை நடை. காலை பத்துக்குக் கடைக்குள் நுழைந்தால் இரவு ஒன்பது வரை நின்றே இருக்க வேண்டும். உட்கார நாற்காலி இல்லை என்பது மட்டுமல்ல, உட்கார்ந்திருப்பதைச் சூப்பர்வைசர் பார்த்தால் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். வார விடுமுறை ஒரு வேலைநாளில். ஞாயிறும் பண்டிகையும் விற்பனை நாட்கள். காலை பதினொன்று, பகல் இரண்டு, மாலை ஐந்து, இரவு ஒன்பது என நான்கு வேளையும் வாட்ஸ்அப் குழுவில் விற்பனை எண்ணிக்கையைப் பதிவிட வேண்டும். இரவு பட்டியலில் கடைசி ஐந்து பெயர்கள் சிவப்பில் வரும்.

கடையில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. மூன்று கடை தள்ளியிருந்த ஜவுளிக்கடையில் அனுமதி கேட்டுப் போக வேண்டும். அடிக்கடி கேட்கக் கூச்சப்பட்டு, காலையிலிருந்து மாலைவரை அரைப் பாட்டில் தண்ணீருக்கு மேல் குடிக்காமல் இருந்திருக்கிறார். அந்த ஓராண்டில் இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மாதம் ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரித்த எனக்கு இது தெரியவே இல்லை. ஒன்றரை ஆண்டு கழித்து என் சக ஆசிரியை ஒருவரிடம் அவர் சொன்னபோதுதான் அறிந்தேன். அவர் என்னிடம் சொல்லத் தயங்கியது இயல்பு. ஒரு பெண்ணை வேலைக்கு அனுப்பும்முன் நான் அந்தக் கடைக்குள் போய்ப் பார்க்காததுதான் தவறு.

இதே ஆண்டில் குடும்பம் எடுத்த முடிவு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 2018 நடுவில் மொத்தச் சம்பளம் 14,000 ரூபாயாக உயர்ந்தது. கைக்கு 12,675 ரூபாய். இன்சென்டிவ் சராசரியாக 6,500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. குடும்பம் இவ்விரண்டையும் கூட்டி 19,000 ரூபாயைச் ‘சம்பளம்’ என்று எண்ணிக்கொண்டது. அந்த எண்ணிக்கையை நம்பி மாதம் 2,640 ரூபாய் தவணையில் ஒரு ஸ்கூட்டர், தம்பியின் பாலிடெக்னிக் கட்டணம், மகளிர் குழுக் கடன், ஒரு சீட்டு என்று மாதம் ஏறத்தாழ 11,000 ரூபாய்க்குக் கடமைகள் ஏறின.

2018 ஜூன் 30

காலாண்டின் கடைசி நாளான அன்று மாலை சூப்பர்வைசர் கடைக்கு வந்தார். அவர் கண்ணியமாகவே பேசினார் என்று இவர் இன்றும் சொல்கிறார். “நாலு பாக்ஸ் மட்டும் ஆன் பண்ணுங்க சிஸ்டர். எப்படியும் ரெண்டு வாரத்துல வித்துரும். எல்லா ஊர்லயும் பண்றதுதான்.”

அதன் பொருளை விளக்க வேண்டும். கைபேசி முதன்முறை இயக்கப்பட்டு இணையத்தோடு இணைந்ததும், அதன் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) நிறுவனத்தின் சர்வரில் பதிவாகிறது. அந்தப் பதிவைத்தான் நிறுவனம் ‘விற்பனை’ என்று எண்ணுகிறது. ஆகவே விற்காத கைபேசியின் சீல் ஸ்டிக்கரை மெல்லப் பிரித்து, கடையின் வைஃபையில் இணைத்து, சில நிமிடங்களில் அணைத்து, மீண்டும் பெட்டியில் வைத்து ஒட்டிவிட்டால் இலக்கு எட்டப்பட்டதாகக் கணக்கு காட்டும். ஆனால் வாரண்டியும் அதே நொடியில் தொடங்கிவிடும். பின்னர் அந்தப் பெட்டியை வாங்குபவர், தனக்குத் தெரியாமலேயே சில வார வாரண்டியை இழந்த ஒரு பொருளை முழு விலைக்கு வாங்குகிறார்.

இவர் அன்று 41 கைபேசி விற்றிருந்தார். நான்கு சேர்ந்தால் 45. கடைக்காரரும் தலையசைத்தார். இவரே அந்த நான்கு பெட்டிகளையும் திறந்தார். வாரண்டி அப்போதே தொடங்கிவிடும் என்பது தமக்குத் தெரியும் என்பதையும், “ஒரு வாரம் பத்து நாளில் என்ன ஆகிவிடும்” என்று நினைத்ததையும் அவர் மறைக்கவில்லை. அவர் அதை மறைக்காததால்தான் இந்த ஆய்வு எழுத முடிகிறது.

நாற்பத்தேழு நாட்கள்

நான்கில் மூன்று பெட்டிகள் விரைவிலேயே விற்றன. நான்காவது பெட்டி ஆகஸ்ட் 16 அன்று, மாசி வீதியில் பூக்கட்டி விற்கும் ஒரு மூதாட்டிக்கு விற்கப்பட்டது. இடையே 47 நாட்கள். விற்றவரும் இவர்தான், “ஒரு வருசம் வாரண்டி இருக்குங்கம்மா, எதுனாலும் பில்லோட வாங்க” என்று சொன்னவரும் இவர்தான்.

2019 ஜூலை 22 அன்று அந்த மூதாட்டி, சார்ஜ் ஏறாத கைபேசியுடன் கடைக்கு வந்தார். சர்வீஸ் சென்டருக்குப் போனபோது வாரண்டி ஜூன் மாதத்தோடு முடிந்துவிட்டதாகச் சொல்லி 1,800 ரூபாய் கேட்டார்களாம். பில்படி ஆகஸ்ட் பாதிவரை வாரண்டி இருந்தது. “ஏன் தாயி, நீதானே ஒரு வருசம்னு சொன்ன?” என்று கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பில்லை அவிழ்த்து மேசைமேல் விரித்தார். நான்காக மடிந்து, மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தாலும் தேதி தெளிவாகத் தெரிந்தது.

அன்று அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. தமக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். கையிலிருந்து பணம் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். அதைத்தான் செய்யப்போவதாக மதியம் என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். பில்லைச் சான்றாக வைத்து வாரண்டித் தேதியைத் திருத்தக் கேட்பது மூன்றாவது வழி. நான் அதைத்தான் சொன்னேன். பணம் கொடுத்தால் அந்த அம்மாவின் குறை தீரும், ஆனால் பதிவில் இருக்கும் பொய்த் தேதி அப்படியே நிற்கும். அடுத்த பழுதுக்கும் அவர் இதே வாசலில் வந்து நிற்க வேண்டியிருக்கும்.

மறுநாள் தம் வார விடுமுறையில் அவர் மூதாட்டியுடன் சர்வீஸ் சென்டருக்குப் போனார். பில்லின் நகல், பெட்டியின் ஐ.எம்.இ.ஐ. ஸ்டிக்கர், கடை முத்திரையிட்ட ஒரு கடிதம் ஆகியவற்றை அங்கிருந்த மேலாளர் வாங்கி மேலே அனுப்பினார். திருத்தம் வர மூன்று வாரம் ஆனது. சார்ஜிங் போர்டு இலவசமாக மாற்றப்பட்டது. அந்த மூன்று வாரமும் மூதாட்டிக்குத் தம் பழைய கைபேசியைக் கொடுத்திருந்தார். அதன்பின் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: விற்காத பெட்டியை இனித் திறப்பதில்லை.

மறுப்பும் இடமாற்றமும்

செப்டம்பர் 30 அன்று மீண்டும் அதே வேண்டுகோள், இம்முறை ஆறு பெட்டிகள். அவர் என்னைக் கேட்டார். மேலதிகாரியோடு வாக்குவாதம் செய்ய வேண்டாம், “சார், எந்தெந்தப் பெட்டி என்று ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு செய்தியாக அனுப்பிவிடுங்கள், செய்துவிடுகிறேன்” என்று மட்டும் பதில் அனுப்பச் சொன்னேன். எழுத்தில் தர யாரும் முன்வர மாட்டார்கள் என்பது என் கணிப்பு. அப்படியே ஆனது, செய்தி வரவில்லை, பெட்டிகளும் திறக்கப்படவில்லை. அந்த மாதம் அவருக்கு 38 கைபேசிக்கான பாதி விகிதம் கிடைத்தது.

நான் கணிக்கத் தவறியது அடுத்து நடந்ததை. தீபாவளி முடிந்ததும், நவம்பரில், ‘நிர்வாகக் காரணம்’ என்று ஒரு வரியில் அவரை மேலூரிலேயே ஒரு சிறிய கடைக்கு மாற்றினார்கள். வீட்டுக்கு அருகில் என்று ஊரார் வாழ்த்தினார்கள். அந்தக் கடையில் விற்பனை மிகக் குறைவு. இன்சென்டிவ் சராசரி 1,500 ரூபாயாக இறங்கியது. அடிப்படைச் சம்பளம் அப்படியே இருந்ததால் இதைத் தண்டனை என்று நிறுவவும் வழியில்லை. 19,000 ரூபாயை நம்பி ஏற்றிய 11,000 ரூபாய்க் கடமை, 14,300 ரூபாய் வருமானத்தின் மேல் அமர்ந்தது. சீட்டை நடுவில் நிறுத்தினார்கள். தந்தை வெளியூர் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

ஊரடங்கு

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரல் 1 முதல் கைபேசிக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. மார்ச் சம்பளம் முழுமையாக வந்தது, ஏப்ரலில் பாதி, மே மாதம் எதுவுமில்லை. ஊரடங்குக் காலத்திலும் ஊதியம் தர வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் பிறப்பித்த ஆணை மே 18 முதல் நடைமுறையில் இல்லாமல் போனதால், கேட்பதற்கும் பிடிமானம் குறைந்தது.

ஏப்ரலில் எடுத்த ஒரு முடிவு பின்னர் பெரிதும் உதவியது. மார்ச் 28 அறிவிப்பின்படி, பி.எஃப். உறுப்பினர்கள் மூன்று மாத அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும், அல்லது கணக்கிலுள்ள தொகையில் 75 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத முன்பணமாக அப்போது பெற முடிந்தது. இவர் கணக்கில் ஐம்பதாயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. ஆகவே 27,000 ரூபாய் பெறத் தகுதி இருந்தது. ஆனால் விண்ணப்பம் தடைபட்டது. பி.எஃப். பதிவில் அவர் பெயர் தலைப்பெழுத்தோடும், ஆதாரில் தந்தையின் முழுப் பெயரோடும் இருந்தது. திருத்தத்துக்கு அப்போது வேலை தருபவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அவர் இன்னும் ஏஜென்சியின் ஊழியராக இருந்ததால் இரண்டு வாரத்தில் ஒப்புதல் கிடைத்தது. பணம் மே நடுவில் வந்தது. அதே திருத்தத்தை வேலையை விட்டபின் கேட்ட அவருடைய தோழி ஒருவர் ஐந்து மாதம் அலைந்தார்.

ஸ்கூட்டர் தவணைக்கு ரிசர்வ் வங்கி அறிவித்த கால அவகாசத்தை எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி ஓடும் என்பதை விளக்கிய பிறகே எடுக்கச் சொன்னேன்; வேறு வழி இருக்கவில்லை.

ராஜினாமாக் கடிதம்

ஜூன் இரண்டாம் வாரம் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. இன்று மாலைக்குள் ராஜினாமா மின்னஞ்சல் அனுப்புங்கள், பத்து நாளில் கணக்கு முடித்துப் பணம் வரும், தீபாவளிக்கு மீண்டும் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். வாசகம்கூட அவர்களே தயாரித்து அனுப்பினார்கள்: ‘சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்.’ மாவட்டக் குழுவில் இருந்த ஏறத்தாழ நாற்பது பேரில் பெரும்பாலோர் அன்றே அனுப்பிவிட்டார்கள்.

நாங்கள் அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தோம். காரணங்கள் இரண்டு. ஒன்று, நியமன ஆணையில் இருந்த முப்பது நாள் முன்னறிவிப்பு விதி. தாமாக விலகினால் அந்தச் சம்பளத்தைக் கேட்க முடியாது. மற்றொன்று, 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம். இ.எஸ்.ஐ. சந்தா செலுத்தியவர் தம் விருப்பமின்றி வேலையிழந்தால் சிறிது காலத்துக்கு உதவித்தொகை தரும் திட்டம் அது. தாமாக விலகியவருக்கு அது பொருந்தாது. வேலை தருபவர் இ.எஸ்.ஐ. தளத்தில் மாதக் கணக்கு ஏற்றும்போது, சம்பளம் இல்லாத ஊழியருக்கு எதிரே ஒரு காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். ‘வேலையை விட்டார்’ என்பது ஒரு காரணம். ‘ஆட்குறைப்பு’ என்பது வேறொரு காரணம். ஏஜென்சியின் கணினியில் யாரோ ஒருவர் சொடுக்கும் அந்த ஒரு தேர்வுக்குப் பின்னால் ஓர் ஏழைக் குடும்பத்தின் மூன்று மாதச் சோறு இருக்கிறது.

ஆகவே அவர் இவ்வாறு எழுதினார்: “நான் பணியாற்றத் தயாராக இருக்கிறேன். பணி இல்லையெனில் தங்கள் தரப்பிலிருந்து எழுத்துமூலம் விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.” இரண்டு வாரம் நாள்தோறும் அழைப்பு வந்தது. உங்களால் மற்றவர்கள் பணமும் தாமதமாகிறது என்றுகூடச் சொன்னார்கள். அவரைப் பாதித்தது அந்தச் சொல்தான். ஒருநாள் இரவு, அனுப்பிவிடட்டுமா சார் என்று கேட்டார். நான் அவருக்காக முடிவெடுக்காமல், இரண்டு பாதையிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு அவரே தந்தையுடன் பேசி, அனுப்புவதில்லை என்று தீர்மானித்தார். ஜூன் 24 முதல் மதுரையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. ஜூன் 30 தேதியிட்டு, ‘திட்டப்பணி முடிவுற்றதால்’ விடுவிப்பதாக ஏஜென்சியின் கடிதம் வந்தது.

பின் நடந்தவை

முன்னறிவிப்புச் சம்பளம் இரண்டு நினைவூட்டல்களுக்குப் பிறகு செப்டம்பரில் வந்தது. ஆகஸ்ட் 20 அன்று இ.எஸ்.ஐ. கழகம் அந்த உதவித்தொகையைச் சராசரி தினக்கூலியில் 25 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தியது. வேலையிழந்து 90 நாள் காத்திருக்க வேண்டும் என்பதை 30 நாளாகக் குறைத்தது. வேலை தருபவர் வழியாக அல்லாமல் நேரடியாகக் கிளை அலுவலகத்தில் கோரவும் வழி செய்தது. ஜூனில் நாங்கள் முடிவெடுத்தபோது இது தெரியாது. எனவே இதை எங்கள் முன்யோசனை என்று சொல்ல மாட்டேன். செப்டம்பரில் விண்ணப்பித்து, டிசம்பரில் 90 நாளுக்கான தொகையாக 20,000 ரூபாய்க்குச் சற்று மேல் பெற்றார். ராஜினாமா அனுப்பியவர்களில் மூவர் பின்னர் என்னிடம் வந்தார்கள். மூவருடைய கோரிக்கையும் அவர்களே அனுப்பிய அந்த ஒரு வரி மின்னஞ்சலைக் காட்டி நிராகரிக்கப்பட்டது.

தீபாவளிக்கு முன் அதே நிறுவனத்தின் வேலைக்கு வேறொரு ஏஜென்சி அழைத்தது. நிலையான சம்பளம் எவ்வளவு, வார விடுமுறை எழுத்தில் உண்டா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டார். மூன்று மாதத் தற்காலிக வேலை, பிடித்தம் எதுவும் இல்லை என்றார்கள். அவர் போகவில்லை. நவம்பரில் கைபேசி சர்வீஸ் சென்டர் ஒன்றின் முன்மேசையில் 12,500 ரூபாய் நிலையான சம்பளத்துக்குச் சேர்ந்தார். பூக்காரம்மாவின் கைபேசிக்காக மூன்று வாரம் அலைந்தபோது சந்தித்த அதே மேலாளர்தான், இடம் காலியானபோது அழைத்தார். ஞாயிறு விடுமுறை, மாலை ஏழுக்கு வேலை முடியும். பழைய நல்ல மாதங்களோடு ஒப்பிட்டால் வருமானம் ஆறாயிரத்துக்கும் மேல் குறைவு. ஸ்கூட்டர் கடன் ஐந்து மாதம் தாமதமாக முடிந்தது. தம்பி ஓர் ஆண்டு படிப்பை நிறுத்தி, மறு ஆண்டு தொடர்ந்தார். இழப்பே இல்லாமல் முடிந்த நிகழ்வு அல்ல இது.

இப்போது மாற்றிச் செய்பவை

2018-இல் சம்பளம் உயர்ந்தபோது, தவணைகளை நிலையான சம்பளத்தை மட்டும் அடிப்படையாக வைத்து முடிவு செய்யுங்கள் என்று அந்தக் குடும்பத்திடம் சொல்லியிருக்க வேண்டும். இன்சென்டிவ் படிக்கட்டை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியவன், அதை ஒரு வீட்டுக் கணக்கோடு பொருத்திக் காட்டாமல் விட்டேன். இப்போது வேலைக்குப் போகும் ஒவ்வொரு மாணவரிடமும் முதல் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, இன்சென்டிவ் சுழியமாக வந்தால் அந்த மாதம் எப்படி நடக்கும் என்பதை அவர்கள் கையாலேயே எழுத வைக்கிறேன்.

எழுத்தில் கேட்கச் சொன்ன யோசனை சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் இடமாற்றம் வரக்கூடும் என்று முன்பே எச்சரித்து, அதற்குள் கடமைகளைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும். நேர்மையாக நடப்பதற்கும் சில மாத இருப்பு தேவைப்படுகிறது. அதில்லாதவரிடம் நேர்மையை மட்டும் எதிர்பார்ப்பது அறிவுரை சொல்பவருக்கு எளிது.

நிறுவனத் தரப்பில் மாற வேண்டியது, வாரண்டி பில் தேதியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், படிக்கட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு கைபேசிக்கும் ஒரே விகிதம் தர வேண்டும் என்பதும். 44-க்கும் 45-க்கும் இடையே 150 ரூபாய் மட்டுமே வித்தியாசம் இருந்திருந்தால், அந்தப் பெட்டிகளைத் திறக்கச் சொல்ல யாருக்கும் தேவை எழுந்திருக்காது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கழிப்பறையைப் பற்றி நான் இப்போது கடைக்காரரிடம் நேரடியாகவே கேட்கிறேன். மாணவிகளை அனுப்பும் கடைக்கு, சேரும் முன் என் சக ஆசிரியை ஒருமுறை போய், கழிப்பறை உள்ளே இருக்கிறதா, இல்லையெனில் எத்தனை கடை தள்ளி, யாரிடம் சாவி, எத்தனை மணிக்கு அந்தக் கடை மூடும் என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு வருகிறார். சென்ற ஆண்டு இரண்டு கடைகளுக்கு, அந்தக் குறிப்பைப் பார்த்தபின், ஆள் அனுப்பவில்லை.